வெள்ளவத்தை வீட்டார் குழு: ரவி கொண்டு வாற காளான்

பவானி மாமி (காலை 7:12): பிள்ளையள், ரவி சனிக்கிழமை டொரொன்டோவில இருந்து வெளிக்கிடுறான். என்ர ஞாபகமறதிக்கு லயன்ஸ் மேன் காளான் வாங்கிக்கொண்டு வரட்டோ எண்டு கேக்கிறான். தூள் இருக்காம், கப்சூல் இருக்காம், நாக்குக்குக் கீழ விடுற துளியும் இருக்காம். எது நல்லது?

பெரியப்பா: உனக்கோ மறதி? 1991ல நான் வாங்கின 200 ரூபாயை மாதம் ஒருக்கா ஞாபகப்படுத்திறாய்.

டிலா அக்கா (பாமசி): தூளோ கப்சூலோ எண்டது பிறகு மாமி. உள்ளுக்கு என்ன கிடக்கு எண்டு முதல் பாப்பம். ரவி, பின்பக்க லேபலைப் படமெடுத்துப் போடு.

ரவி: 📷📷📷
கப்சூல்தான் மலிவு அக்கா. 120 இருக்கு.

டிலா அக்கா: சின்ன எழுத்தைப் பார். பழுப்பரிசியில வளர்த்த மைசீலியம் எண்டு போட்டிருக்கு. அது காளானுக்கு அடியில ஓடுற வெள்ளை நூல். அரிசியையும் நூலையும் பிரிக்க ஏலாது, சேர்த்துக் காயவைச்சு அரைக்கிறது. கனக்க மாத்தான் வரும்.

பெரியப்பா: கனடாவில இருந்து அரிசி மாவோ? பவானி, புட்டு அவி.

டிலா அக்கா: சந்தேகமெண்டா அயடின் ஒரு சொட்டு விட்டுப் பாக்கலாம், பள்ளிக்கூடத்தில மரவள்ளிக்கு விட்டமே, அதுமாதிரி. கருநீலமாப் போனா மா. பொலிசக்கரைட், அதாவது சீனி கோத்த நீளச் சங்கிலி, இத்தனை வீதம் எண்டு பெரிசா எழுதியிருந்தாலும் ஏமாறாதேங்கோ, மாவும் பொலிசக்கரைட்தான். காளான்ர செல் சுவரில இருக்கிற நார்ச்சத்து பீட்டா குளுக்கன், அது எவ்வளவு எண்டு தனியப் போட்டிருக்கோணும்.

பவானி மாமி: அப்ப துளி?

டிலா அக்கா: அது அற்ககோலில ஊறவைச்சது.

பவானி மாமி: ஐயோ, சாராயமோ! வேண்டாம்.

பெரியப்பா: எனக்கு வேணும்.

டிலா அக்கா: 😂 பெரியப்பா, அதுக்கும் ஒரு வேலை இருக்கு. ரெய்ஷிக் காளான்ர கசப்பு ட்ரைடெர்பீன். அது தண்ணியை விட அற்ககோலில நல்லா இறங்கும். பீட்டா குளுக்கன் மறுவளம், அதுக்குக் கொதிதண்ணி வேணும். அதால ரெய்ஷி எண்டா ரெண்டிலயும் எடுத்த சாறைத் தேடுறவை. காளான்ர செல் சுவரில கைட்டின் இருக்கு, இறால் கோதில இருக்கிற அதே சாமான், லேசில கரையாது. சீனாவில அவிச்சுக் குடிச்சது சும்மா இல்லை.

பவானி மாமி: அப்ப தூளை விட்டிட்டு சாறு எடுத்ததை வாங்கச் சொல்லட்டே?

டிலா அக்கா: லயன்ஸ் மேனுக்கு அப்பிடி அடிச்சுச் சொல்ல ஏலாது மாமி. 2009ல யப்பானில இருந்து வந்த ஆய்வில குடுத்தது சாறே இல்லை, காய்ஞ்ச காளான் தூளைக் குளிசையாக்கி. 250 மில்லிகிராம் குளிசை நேரத்துக்கு 4, நாளைக்கு 3 தரம், 16 கிழமை. ஞாபகப் புள்ளி கூடினது. நிப்பாட்டி 4 கிழமையில திரும்ப இறங்கினது. ஆனா மொத்தம் ஒரு 30 பேர்தான். அதை வைச்சு நான் சத்தியம் பண்ணமாட்டன்.

பவானி மாமி: நாளைக்கு 12 குளிசையோ! நான் பிரஷர் குளிசை ஒண்டு போடவே மறக்கிறன்.

ரவி: அப்ப தூள் எடுக்கிறன். தேத்தண்ணியில கலக்கலாம்.

டிலா அக்கா: ஓம், ஆனா ஃபுரூட்டிங் பொடி (fruiting body) எண்டு போட்டதா எடு. அதுதான் காளான்ர உடம்பு. எங்கட கடற்கரைக் காத்துக்குக் கட்டிபடும், இறுக்கி மூடோணும். மாமி, பிரஷருக்கு மட்டும்தானே போடுறீங்கள்?

பவானி மாமி: ஓம். இரத்தம் கட்டியாகாமல் இருக்கிறதுக்கு வார்பரின் குளிசை போடுறது மாமா. அவருக்குக் காளான் நல்லா ஒத்துவருது. கீழ் வீட்டு அன்ரி தந்த ரெய்ஷிக் கோப்பியை ரெண்டு கிழமையா விடியக் குடிக்கிறார்.

டிலா அக்கா: என்னது???

டிலா அக்கா: ரெய்ஷி இரத்தம் உறையிறதைக் குறைக்கலாம். வார்பரினோட சேர்ந்தா ஆபத்து. மாமா, முரசில இரத்தம், அடிபடாமலே கண்டல், ஏதும் இருக்கே?

மாமா: சேவ் எடுக்கேக்க வெட்டினது. இரத்தம் நிக்க நேரமெடுத்தது. பிளேட் பழசு எண்டு நினைச்சன்.

டிலா அக்கா: கோப்பியை இப்பவே விடுங்கோ. வார்பரினை நீங்களாக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கிளினிக்குக்குக் கோல் எடுத்து இண்டைக்கே ஐ.என்.ஆர் பாருங்கோ, இரத்தம் உறைய எவ்வளவு நேரமெடுக்குது எண்டு காட்டிற சோதனை. கோப்பிப் பக்கற்றையும் கொண்டு போங்கோ.

பவானி மாமி: ஓட்டோ பிடிச்சிட்டன்.

பவானி மாமி (மாலை 4:40): 4.1 ஆம். இவருக்கு 2க்கும் 3க்கும் இடையில நிக்கோணும். இண்டைக்குக் குளிசை விடச் சொல்லி, வெள்ளிக்கிழமை திரும்ப வரட்டாம். கோப்பியாலதானோ எண்டு டொக்டரும் அடிச்சுச் சொல்லேல்லை, ஆனா குடிக்க வேண்டாமாம்.

ரவி: அம்மா, அப்ப காளான்?

பவானி மாமி: இப்ப வேண்டாம். ஒரே குசினி, அவர் என்ர தேத்தண்ணியையும் எடுத்துக் குடிப்பார். அப்பாக்குக் கரண்டில ஓடுற சேவர் ஒண்டு வாங்கிக்கொண்டு வா.

மாமா: மிச்சக் கோப்பியைக் கீழ் வீட்டுக்குத் திருப்பிக் குடுக்கிறதெப்பிடி? அவ கோவிப்பா.

பெரியப்பா: ரவி, அந்தத் துளிப் போத்தல்?