பத்து ரூபாய்ச் சான்றிதழ்

எனக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் கோவில்பட்டி. மாமனார் வீட்டில் சின்னதாய் ஒரு கடலை மிட்டாய்ப் பட்டறை. பாகு காய்ச்ச ஒருவர், பலகையில் கொட்டித் தேய்த்து வெட்ட இரண்டு பேர், பாக்கெட் போட அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலு பேர், அவ்வளவுதான்.

2020 ஏப்ரல் 30ஆம் தேதி எங்கள் ஊர் மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறெங்கோ செய்ததை இந்த ஊர்ப் பெயரில் விற்கக் கூடாது என்கிற சட்டப் பாதுகாப்பு அது. ஊரடங்கில் பட்டறை பூட்டிக் கிடந்த நேரம். "இதுக்கு எம்புட்டுத் தருவாங்க?" என்றார் மாமா. ஒரு பைசா கிடையாது என்றதும் சேனலை மாற்றிவிட்டார்.

மதுரையில் எங்களிடம் சரக்கு எடுக்கும் மொத்தக் கடைக்காரர் ஒருவர் உண்டு. வேறெங்கோ செய்ததைக் கோவில்பட்டி என்று அச்சடித்த கவரில் போட்டு மலிவாகத் தருகிற ஆட்களைக் காட்டியே எங்கள் விலையை இறக்குவார். "எல்லாம் கடலையும் வெல்லமும்தானே அண்ணாச்சி?" கரிசல் காட்டுக் கடலை, தாமிரபரணித் தண்ணீர் என்று மாமா ஆரம்பித்தால் சிரிப்பார். தண்ணீர் விஷயத்தில் எனக்கும் அரை நம்பிக்கைதான். ஆனால் குறியீட்டுக்குச் சொன்ன காரணங்களில் அந்தத் தண்ணீரும் இருந்தது!

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. குறியீடு ஊர்ப் பொருளுக்குத்தான். பட்டறைக்குத் தானாக வராது. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். 500 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் அதே 2020இல் 10 ரூபாய் ஆனது. "பத்து ரூபாய்க்கு எவன் இவ்வளவு தாள் கேப்பான்?" என்று புலம்பிக்கொண்டேதான் மாமா கையெழுத்துப் போட்டார்.

சான்றிதழ் வந்ததும் மதுரைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் இரண்டு முறை படித்தார். பொய்ப் பெயரில் விற்றால் 6 மாதத்திலிருந்து 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் வரை அபராதம் என்று சொன்னேன். "அப்போ அந்த மலிவுக் கவரை நான் வைக்கக் கூடாதோ?" என்று கேட்டாரே தவிர, விலையை ஒரு ரூபாய் கூட்டவில்லை. அன்றைக்கு எனக்குச் சப்பென்றுதான் இருந்தது. பஸ் ஸ்டாண்டுகளில் போலி இன்னும் விற்கத்தான் செய்கிறது. யாரும் பிடித்ததை நான் பார்த்ததில்லை.

ஆனால் இப்போது அவர் போன் செய்தால் முதல் கேள்வி, "குறியீட்டு முத்திரை போட்ட கவர்தானே அண்ணாச்சி?" என்பதுதான். விலை ரெண்டாவது கேள்வி.