வேலை தேடுவதை முதலாளியிடம் சொல்லலாமா?

டவுன்வாசி:
நெல்லை டவுனில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். நாலரை வருஷம் ஆகிறது. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்து, முதல் இன்டர்வியூ முடிந்துவிட்டது. தங்கச்சி கல்யாணத்துக்கு முதலாளி கொடுத்த அட்வான்ஸில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. இப்போதே அவரிடம் சொல்வதா, வேலை கிடைத்த பிறகு சொல்வதா?

பொருநைக்கரை:
சொல்லாதீங்க தம்பி. ஆஃபர் லெட்டர் கைக்கு வரும்வரை மூச்சு விடக்கூடாது. சொன்ன பிறகு அங்கே கிடைக்காமல் போனால் என்ன செய்வீர்கள்? என்னோடு வேலை பார்த்த ஒருவர் நம்பிச் சொன்னார். மறுமாதமே அவர் நாற்காலியில் முதலாளியின் மச்சான் மகன் உட்கார்ந்திருந்தான்.

பாளை வியாபாரி:
நான் கடை நடத்துகிறவன். இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நம்ம ஊரில் இந்த மாதிரி விஷயம் எத்தனை நாள் மறைந்திருக்கும்? ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது கேட்டால் போதும், “உங்க கணக்கர் சிப்காட்டுக்குப் போறாராமே?” என்று. அதை அடுத்தவர் வாயால் கேட்பதுதான் எங்களுக்குப் பெரிய வலி. தொழிலும் இருக்கிறது. மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யணும், 11ஆம் தேதி விற்பனை பில்களுக்கு ஜிஎஸ்டிஆர் ஒன்று, 20ஆம் தேதி வரி கட்ட த்ரீபி. ஒரு பில் விட்டுப்போனாலும் சரக்கு வாங்கியவருக்கு இன்புட் கிரெடிட் (அவர் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை) வராது, கடைக்கு வந்து சத்தம் போடுவார். புது ஆளைப் பழக்க அவகாசம் வேண்டாமா?

பொருநைக்கரை:
அண்ணாச்சி, எல்லா முதலாளியும் உங்களைப் போல இல்லை. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் அனுப்பக்கூடாது என்று தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41 சொல்கிறது. சரி, கடைகளில் எத்தனை பேரிடம் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்கிறது? எழுத்தில் ஒன்றும் இல்லாதவன் எதை வைத்து வழக்காடுவான்? அவகாசம் வேண்டும் என்பது நியாயம்தான், ஆனால் அதற்கான விலையை வேலைக்காரன் மட்டும் கொடுக்கக்கூடாது.

தென்காசி அக்கா:
நான் ஹெச்ஆர் வேலையில் இருக்கிறேன். தம்பி முதலில் கிராஜுவிட்டியை, அதாவது விலகும்போது வரும் பணிக்கொடையைப் பாருங்கள். பத்துப் பேராவது வேலை பார்க்கும் இடமென்றால், ஐந்து வருஷம் முடித்தவருக்கு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் உண்டு. ஐந்தாம் வருஷத்தில் 240 நாள் பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பும் இருக்கிறது. நாலரை வருஷத்தில் வாயைத் திறந்து, அந்தப் பணத்தை விட்டுவிடாதீர்கள். அப்புறம், ஆஃபர் கொடுக்கும் முன் இப்போதைய கடைக்கு போன் போட்டு விசாரிக்க வேண்டாம் என்று புதுக் கம்பெனியிடம் தைரியமாகச் சொல்லுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பிஎஃப் பற்றிக் கவலை வேண்டாம், உங்கள் பிஎஃப் கணக்குகளுக்கான யுஏஎன் எண், எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும். விலகிய தேதியை முதலாளி பதியாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து நீங்களே பதியலாம்.

பாளை வியாபாரி:
சட்டமெல்லாம் சரிதாம்மா. தங்கச்சி கல்யாணத்துக்குப் பணம் கொடுத்தபோது அந்த மனுஷன் எந்தச் சட்டத்தைப் பார்த்தார்? எனக்குத் தெரிந்து, முன்கூட்டியே சொன்ன பையனுக்கு முதலாளியே நல்ல இடம் பார்த்துக் கொடுத்ததும் உண்டு. லெட்டர் வரும்வரை பொறுங்கள், அதுவரை விட்டுக்கொடுக்கிறேன். வந்த அன்றைக்கே அவர் முன்னால் போய் நிற்கணும், பாக்கிப் பணத்தைப் பற்றியும் நீங்களே முதலில் பேசணும்.

டவுன்வாசி:
அப்படியே செய்கிறேன் அண்ணாச்சி. ஆடிட்டருக்குத் தெரியும் முன்பே முதலாளிக்குத் தெரியும். கிராஜுவிட்டிக்கு அக்கா சொன்ன 240 நாள் முடிய வேண்டுமே, இரண்டு மாதம் கழித்துச் சேர்கிறேன் என்று கேட்டால் கம்பெனியில் ஒத்துக்கொள்வார்களா?

தென்காசி அக்கா:
அடுத்த இன்டர்வியூவிலேயே கேளுங்கள். லெட்டரில் தேதி அச்சாகிவிட்டால் மாற்றுவது கஷ்டம்.