நாட்டு மரம் என்றால் போதுமா? மரக்காணம் மணலுக்கு எதை வைப்பது?

(கடலோரம், வன்னிக்காடு, நிழல்தரு, நாற்றங்கால் என்பவை பேசுவோரின் புனைபெயர்கள்.)

கடலோரம்: மரக்காணம் பக்கம் 20 சென்ட். கடல் 2 கிலோமீட்டர். மணல் நிலம், கிணற்றுத் தண்ணீர் லேசாக உப்பு. நாட்டு மரம்தான் வைப்பது என்று முடிவு. நாற்றுப்பண்ணையில் நீர்மருது, தேக்கு, வேங்கை, புங்கன் தருகிறார்கள். வாங்கலாமா?

வன்னிக்காடு: புங்கனைத் தவிர மற்ற மூன்றும் வேண்டாம். நீர்மருது ஆற்றங்கரை மரம். தேக்கும் வேங்கையும் மலையடிவாரத்து மரங்கள். தமிழ்நாட்டு மரம் என்பதாலேயே உங்கள் மணலுக்கு அது நாட்டு மரம் ஆகிவிடாது. கோடியக்கரைக் காட்டில் நிற்பதைப் பாருங்கள்: பாலை மரம். அதோடு வீரை, காயா, நாவல், குருந்து. அடியில் களா, காரை, விராலி. ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும் கரைக்குப் பழகிய கூட்டம் இது.

நிழல்தரு: சொல்வது சரி, ஆனால் பாலை ஆள் உயரம் வரவே பல வருடம் பிடிக்கும். அதுவரை வெயிலில் நிற்பது யார்? புங்கன், பூவரசு, புன்னை மூன்றும் உப்பைத் தாங்கும், உள்ளூர் மரமும்கூட. புங்கன் கோடைத் தொடக்கத்தில் இலை உதிர்த்தாலும் உடனே தளிர்த்து, வெயில் ஏறும்போது நிழல் கொடுத்துவிடும். பூவரசை ஆறடிப் போத்தாக (வெட்டிய கிளையாக) நட்டால் அடுத்த வருடமே பச்சை.

வன்னிக்காடு: பூவரசில் எனக்கு மறுப்பில்லை, போத்தில்தான் மறுப்பு. தடித்த போத்திலிருந்து வளரும் மரத்தில் ஆணிவேர் இருக்காது, நடுமரம் பொந்து விழும். புயல் கரையில் அது ஆபத்து. விதை நாற்றாக வையுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. சீக்கிரம் நிழல் வேண்டும் என்று வைத்த தூங்குமூஞ்சியும் மயில்கொன்றையும் (குல்மோகர்) அவற்றில் நிறைய.

நிழல்தரு: அவை இரண்டும் வெளிநாட்டு மரங்கள். புங்கனை அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. நடைபாதையைத் தோண்டி வேரை வெட்டினால் எந்த மரமும்தான் சாயும்.

வன்னிக்காடு: அதை ஒப்புக்கொள்கிறேன். வேர் கெடுவது பையிலேயே தொடங்கிவிடுகிறது. நாள்பட்ட நாற்றில் வேர் பைக்குள் வட்டமாகச் சுற்றிக் கிடக்கும். நட்ட பிறகும் அப்படியே சுற்றி, மரம் பெருத்ததும் தன்னையே நெரிக்கும். அதனால் ஒன்றரை அடி நாற்றே போதும், ஆறடி நாற்று வேண்டாம். நடும்போது அடியில் ஒரு அங்குலம் வேரை அறுத்துவிடுங்கள்.

நாற்றங்கால்: பாலை நாற்று கிடைக்கவில்லை என்று பலர் கைவிடுகிறார்கள். சப்போட்டா ஒட்டுக்கட்டுவது பாலை நாற்றின்மேல்தான், ஒட்டுப்பண்ணையில் கேளுங்கள். நாவல் விதையைக் காயவிட்டால் முளைக்காது, பழம் தின்ற இரண்டு வாரத்துக்குள் ஊன்றுங்கள். புன்னைக் கொட்டையை ஓடு நீக்கி ஊன்றினால் சீக்கிரம் முளைக்கும்.

கடலோரம்: குழி எவ்வளவு? புங்கன் போன்ற நிழல் மரமும் பாலைக் கூட்டமும் கலந்து வைக்கலாமா?

வன்னிக்காடு: இரண்டடிக்கு இரண்டடி. வெறும் மணலில் தண்ணீர் நிற்காது, ஏரி வண்டலும் மக்கிய எருவும் தலா ஒரு கூடை கலக்கவும். முதல் இரண்டு மழைக்குப் பிறகு, நவம்பர் நடுவுக்குள் நட்டுவிடவும். தையில் நட்டால் வேர் இறங்குமுன் கோடை வந்துவிடும். மூன்று அங்குலம் சருகு மூடாக்கு போடுங்கள், தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி. ஒட்டிப் போட்டால் கரையான் ஏறும். முதல் கோடையில் செடிக்கு வாரம் இருமுறை பத்து லிட்டர், நல்ல தண்ணீராக இருந்தால் மேல். கலப்பதென்றால், மேற்கு வெயில் விழும் பக்கம் மட்டும் நாலு புங்கன், இருபதடி இடைவெளியில். மற்ற இடமெல்லாம் பாலைக் கூட்டத்தை ஆறடிக்கு ஒன்றாக நெருக்கி நடுங்கள்.

நிழல்தரு: நாலு புங்கனுக்குச் சம்மதம். கடல் பக்கம் புன்னை ஒரு வரிசையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உப்புக்காற்றை அது முதலில் வாங்கிக்கொள்ளும். ஆறடி நெருக்கத்தைத்தான் ஏற்க முடியவில்லை. 20 சென்டில் இருநூறு செடிக்கு மேல் வரும். முதல் கோடையில் வாரத்துக்கு நாலாயிரம் லிட்டர், உப்புக் கிணற்றை வைத்துக்கொண்டு யார் ஊற்றுவது?

வன்னிக்காடு: அப்படியானால் இந்த மழைக்குப் பாதி நிலம், அடுத்த மழைக்கு மீதி. வேலியோரம் விராலியும் களாவும் இப்போதே வையுங்கள். விராலியை ஆடு கடிக்காது, களாவில் முள் உண்டு.