சபையில் அனல் குறைந்ததா, மனுஷர் களைத்துப்போனார்களா?

ரங்கூன்வாசி:
போன ஞாயிறு ஆராதனையில், வெதுவெதுப்பாயிருக்கிறாய் என்று ஆண்டவர் கடிந்துகொண்ட லவோதிக்கேயா ஊர்ச் சபையைப் பற்றிய பிரசங்கம். வெளிப்படுத்தல் 3-இல் "குளிருமல்ல அனலுமல்ல" என்று வாசிக்கும்போது பின் வரிசையில் பாதிப்பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் ஸ்தோத்திரம் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். விசுவாசமே இல்லை என்கிறவனோடு உட்கார்ந்து பேசலாம். "எல்லாம் நல்லாத்தான் போகுது" என்கிறவனோடு எதைப் பேச? 1964-இல் இங்கே பர்மாவில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு நம் ஜனங்கள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறியபோதும் மிச்சமிருந்தவர்கள் சபையை விடவில்லை. உபத்திரவம் செய்யாததை இந்த அசட்டை செய்துவிடும் என்று பயப்படுகிறேன்.

மோல்மேன் மகள்:
அண்ணே, களைப்புக்கு அசட்டை என்று பேர் வைக்காதீங்க. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சட்டத்தை அமல்படுத்தியதிலிருந்து எத்தனை வீட்டில் பிள்ளைகள் இல்லை! நடுராத்திரி கரண்ட் வந்தால் எழுந்து மோட்டார் போட்டு, தண்ணீர் ஏற்றி, அப்போதே சோறாக்கி வைத்துவிட்டுக் காலையில் கோயிலுக்கு வருகிறவள் கண்ணயர்ந்தால் அது வெதுவெதுப்பா? தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே "போதும் கர்த்தாவே" என்று படுத்துவிட்டார். அவருக்குத் திட்டு விழவில்லை. தூதன் தட்டியெழுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான்.

வேதமாணவன்:
லவோதிக்கேயாவை நம்மோடு ஒப்பிடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கி.பி. 60-இல் நிலநடுக்கத்தில் இடிந்த அந்த ஊர், ரோமாபுரியின் உதவி இல்லாமல் சொந்தப் பணத்திலேயே எழுந்தது என்று ரோமச் சரித்திர ஆசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று சொல்லிக்கொண்டது அப்படிப்பட்ட ஊரின் சபை. 2025 மார்ச் 28-இல் 7.7 அளவில் பூமி அதிர்ந்து மண்டலேயும் சகாயிங்கும் சரிந்தபின், நம்மில் யார் அப்படிச் சொல்ல முடியும்?

ரங்கூன்வாசி:
வாயால் சொல்வதில்லை, தம்பி. நடப்பில் சொல்கிறோம். மண்டலேக்குக் காணிக்கை எடுத்தோம், பை நிறைந்தது, நல்லது. ஆனால் நம் சபையில் ஒரு அம்மா, மகன் தாய்லாந்துக்குப் போனபின் கோயிலுக்கு வருவதே இல்லை. நாலாம் மாடி வீடு. பால்கனியிலிருந்து மணி கட்டிய கயிறு தெருவரை தொங்குகிறது. இழுத்தால் எட்டிப் பார்ப்பார். நான் போனபோது, "என்னைக் காணோம்னு யாராவது தேடுவாங்களான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன் தம்பி" என்றார். மத்தேயு 25-இல் நியாயத்தீர்ப்பில் இடதுபக்கம் நின்றவர்கள் யாரையும் அடிக்கவில்லை. போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மோல்மேன் மகள்:
கேட்கவே சங்கடமா இருக்கு. ஆனா உங்க கணக்குப்படி அந்த அம்மாவும் அசட்டைக்காரிதானே? கோயிலுக்கு வரலையே. அவங்களை நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்க, ஏன்னா மாடியேறிப் போய்க் கேட்டீங்க. பின் வரிசைக்காரங்களையும் கேட்டுட்டு எழுதியிருக்கலாம்.

ரங்கூன்வாசி:
அந்த அம்மா காத்திருந்தார். எலியாவும் ஆண்டவரிடம்தான் புலம்பினார். காத்திருப்பும் புலம்பலும் அசட்டை ஆகாது, தங்கச்சி. அதே தெருவில் குடியிருந்துகொண்டு அந்தக் கயிற்றைத் தொடாமல் தாண்டிப் போகிறவர்களைத்தான் சொல்கிறேன். அவர்களுக்கு நான் பரிந்து பேச மாட்டேன்.

பெகு பையன்:
பின் வரிசையில் உட்காருகிறவன் நான், ஐயா. எனக்குத் தமிழ் பேச வரும், சரளமாக வாசிக்க வராது. இந்தப் பதிவையே நான் சொல்லச் சொல்ல அக்காவை டைப் பண்ணச் சொல்லிப் போடுகிறேன். போனில் நான் திறந்து வைத்திருப்பது பர்மிய வேதம், அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834-இல் மொழிபெயர்த்து முடித்தது. 1813-இல் ரங்கூனுக்கு வந்தவர் முதல் பர்மியருக்கு 1819-இல்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். ஒரே ஆளுக்காக ஆறு வருஷம். எங்கள் பக்கம் திரும்பி "எந்த வசனம் பார்க்கிறாய்" என்று ஒரு பெரியவர்கூடக் கேட்டதில்லை. அந்த அம்மாவின் மகனுக்கும் என் வயதுதான் இருக்கும். எந்தத் தெரு என்று தனியாக அனுப்புங்கள். சனிக்கிழமை நாங்கள் நாலு பேர் போகிறோம், தண்ணீர் ஏற்ற ஆள் தேவைப்பட்டால் அதையும் செய்கிறோம். ஆனால் பின் வரிசையை நீங்கள் எழுதிய விதத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை.