சோபாவுல செத்தாலும் காலேஜ் ஃபீஸ் தள்ளுபடியா?

கறார்கந்தன்:
அமெரிக்காவுல பணியில இறந்த போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ்காரங்க பிள்ளைங்களுக்குக் காலேஜ் ஃபீஸ் தள்ளுபடின்னு நேத்து இங்க ஒருத்தர் ஆஹா ஓஹோன்னு எழுதியிருந்தார். ஒரு விஷயத்தை மட்டும் நைசா விட்டுட்டார். ட்யூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்து, சோபாவுல சாஞ்சு டிவி பார்க்கும்போது மாரடைப்புல போனாலும் அது "பணியில் மரணம்"தானாம். 24 மணி நேரம் வரைக்கும் செல்லுமாம். நெருப்புல வெந்தவனும் சோபாவுல செத்தவனும் ஒண்ணா? நான் கட்டற வரிங்க இது.

நிலாச்சோறு:
சோபான்னு டைப் பண்ணும்போது கை கூசலையா உங்களுக்கு? என் வீட்டுக்காரர் 9 வருஷமா எங்க டவுன் தன்னார்வத் தீயணைப்புப் படையில இருக்கார். சம்பளம் பைசா கிடையாது. பேன்ட்டை பூட்ஸ் மேல சுருட்டி கராஜ்லயே நிறுத்தி வச்சிருப்பார். ராத்திரி 2 மணிக்கு பேஜர் அலறினா ரெண்டு காலையும் உள்ள விட்டு இழுக்க வேண்டியதுதான், எல்லாம் ஒண்ணா ஏறிடும். உடுப்பு, மூச்சுக் கருவி எல்லாம் சேர்ந்தா 25 கிலோ வரும். திரும்பி வந்ததும் படியில உட்கார்ந்திருப்பார், ஒரு மணி நேரம் வாயே திறக்க மாட்டார். கழுத்து நரம்பு துடிக்கிறது கிச்சன்ல நிக்கிற எனக்குத் தெரியும். இந்த நாட்டுத் தீயணைப்பு வீரர்கள்ல பாதிக்கு மேல இப்படிச் சம்பளமில்லாதவங்கதான். ட்யூட்டியில சாகறவங்களை அதிகமா கொண்டுபோறது நெருப்பு இல்ல, மாரடைப்பு. கந்தன் சார் அதைத்தான் சோபாங்கறார்.

கணக்குவாத்தியார்:
இருவரும் கொஞ்சம் பொறுங்கள். பணியில் இறந்தவர் குடும்பத்துக்கு உதவும் மத்திய அரசுச் சட்டத்தில் 2003-ல் வந்த திருத்தம் வெறுமனே 24 மணி நேரம் என்று சொல்லவில்லை. வழக்கத்துக்கு மாறான, கடும் உடலுழைப்போ மன அழுத்தமோ தந்த வேலையில் அவர் ஈடுபட்டிருக்க வேண்டும். அதற்குப் பின் 24 மணி நேரத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருக்க வேண்டும். மேசை வேலை, ஃபைல் வேலை சேராது.

இன்னொன்று, நீங்கள் பேசிக்கொண்டிருப்பது தள்ளுபடியே இல்லை. மத்திய அரசு தருவது உதவித்தொகை. முழுநேரம் படித்தால் மாதம் சுமார் 1,500 டாலர், அதிகபட்சம் 45 மாதம். பிள்ளைகளுக்கு 27 வயது வரை. இறந்தவரின் மனைவி அல்லது கணவருக்கும் உண்டு. ஃபீஸையே தள்ளுபடி செய்வது மாநிலங்கள். உதாரணமாக கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள். அதிலும் ஹாஸ்டல், சாப்பாடு சேராது. முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்.

கறார்கந்தன்:
வாத்தியாரே, பாடம் போதும். 24 மணி நேரம் உண்டா இல்லையா? உண்டுன்னு நீங்களே எழுதிட்டீங்க. அவ்ளோதான் எனக்கு வேணும். அப்ப 25-வது மணி நேரத்துல செத்தவன் பிள்ளை என்ன பாவம் பண்ணுச்சு? இதயம் கடிகாரம் பார்த்தா நிக்கும்?

தெற்குவீதி:
அண்ணே, ஒரு சந்தேகம். உங்களுக்கு 24 மணி நேரமே கூடாதா, இல்ல 25 வேணுமா?

கறார்கந்தன்:
வந்துட்டாரு தம்பி. பொங்கல் விழாவுல சாப்பாட்டுச் செலவுக் கணக்கு கேட்டப்பவும் இதே நக்கல்தான். இன்னைக்கு வரைக்கும் ரசீது வரல. ஆனா ஊர்ச்சட்டம் எல்லாம் விரல் நுனியில.

தெற்குவீதி:
ரசீதை குரூப்ல போட்டாச்சு. நீங்கதான் அன்னைக்குக் கோச்சுக்கிட்டு குரூப்பை விட்டு வெளிய போனீங்க. பந்தியில முதல் ஆளா உட்கார்ந்தது யாருன்னு நான் சொல்லட்டுமா?

பாஸ்டன்பாட்டையா:
பிள்ளைகளா, 1987-லிருந்து இந்த நாட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாததா. மூலச் சட்டம் 1976. அப்போது குடும்பத்துக்கு 50,000 டாலர், இன்றைக்கு நாலு லட்சத்துக்கு மேல். கல்வி உதவி 1996-ல் மத்திய காவல்துறையினருக்கு மட்டும் வந்தது. 1998-ல்தான் மாநிலப் போலீஸும் தீயணைப்பும் சேர்ந்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் மட்டும் 343 தீயணைப்பு வீரர்கள் போனார்கள். அந்தப் பிள்ளைகள் படித்த கதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தவன். நிற்க, "வீரர்" என்று எல்லாரையும் எழுதுகிறீர்களே, பட்டாளத்தானுக்கு அப்புறம் என்ன வார்த்தை மிச்சம்?

நிலாச்சோறு:
பாட்டையா, எரியற வீட்டுக்குள்ள போறவரை வேற எப்படிக் கூப்பிடறது, நீங்களே சொல்லுங்க.

பாஸ்டன்பாட்டையா:
தீயணைப்பாளர். அகராதியில் இருக்கிறது.

ஊசிக்காரன்:
வார்த்தை உங்களுக்குக் கிடைச்சிடுச்சு. எனக்கு அதுவும் இல்ல. நான் பாராமெடிக், தனியார் ஆம்புலன்ஸ் கம்பெனி. ஹைவேயில ஒரே ஆக்சிடென்ட், ஒரே மழை. பக்கத்துல குனிஞ்சு நிக்கிறவர் கவுன்ட்டி தீயணைப்பு, அதாவது உள்ளூர் அரசு வேலை. ரெண்டு பேரையும் ஒரே லாரி அடிச்சா அவர் பொண்ணுக்கு மத்திய அரசு உதவி உண்டு, என் பொண்ணுக்கு இல்ல. லாப நோக்கமில்லாத ஆம்புலன்ஸ்காரங்களை 2013-ல சேர்த்தாங்க. நான் வேலை பார்க்கிறது லாப நோக்கமுள்ள கம்பெனி. லாபம் எனக்கா வருது? இதைப் பத்தி ஒருத்தராவது பேசுவீங்கன்னு பார்த்தேன்.

கறார்கந்தன்:
ஊசி சார், உங்க கஷ்டம் புரியுது, ஆனா அது தனிப் பஞ்சாயத்து. பேச்சை மாத்தாதீங்க. 24 மணி நேரத்துக்கு வாங்க.

ஊசிக்காரன்:
சோபாவுக்கு வராத ஆள் நான். ட்யூட்டி முடிஞ்சா அடுத்த ட்யூட்டி.

கணக்குவாத்தியார்:
ஊசிக்காரன் சொல்வது முக்கியமான விஷயம், தனி இழையாகவே பேசலாம். மேலும் கந்தன் கவனத்துக்கு: சட்டம் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2020-ல் கொரோனாவுக்குத் தனி விதி வந்தது. கடைசியாகப் பணியில் இருந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் தொற்று உறுதியாகி அதனால் இறந்தால் பணியில் மரணமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

கறார்கந்தன்:
மக்களே பாருங்க! 24 மணி நேரம்னு ஆரம்பிச்சு 45 நாள்ல வந்து நிக்குது. நான் சொன்னப்ப சிரிச்சீங்க. சோபா போய் இப்ப கட்டிலே வந்தாச்சு.

கணக்குவாத்தியார்:
ஐயா, அது வேறு விதி. அது தொற்றுநோய், இது மாரடைப்பு.

கறார்கந்தன்:
விதி வேறயா இருக்கட்டும். பணம் ஒண்ணுதானே?

நிலாச்சோறு:
உங்க வரியில இதுக்கு எத்தனை காசு போகுதுன்னு சொல்லுங்க, நான் உங்க வீட்டுக்கு வந்து எண்ணிக் கொடுத்துட்டுப் போறேன். உங்க வீட்டுல புகை வந்தா மட்டும் எங்க ஆளைக் கூப்பிடாதீங்க. ஸ்மோக் அலாரத்துக்கு பேட்டரியாவது போட்டிருக்கீங்களா?

கறார்கந்தன்:
பர்சனலா போகாதீங்க மேடம். நான் உங்க வீட்டுக்காரரைச் சொல்லல. கொள்கையைச் சொல்றேன்.

நிலாச்சோறு:
சோபா எந்தக் கொள்கை சார்?

தெற்குவீதி:
பேட்டரிக்கும் ரசீது கேப்பாரு அக்கா.

மாடரேட்டர்:
பொங்கல் கணக்கு, பந்தி, பேட்டரி எல்லாத்தையும் நிறுத்துங்க. "தீயணைப்பாளர்" பத்தி பாட்டையா போட்ட ஆறு பதிவை மொழி இழைக்கு மாத்தியாச்சு.

பாஸ்டன்பாட்டையா:
ஏழு பதிவு. ஒன்றை அழித்திருக்கிறீர்கள்.

கறார்கந்தன்:
அழிக்கிறது இங்க புதுசா என்ன. சரி, கடைசியா கேக்கறேன். அந்த 24 மணி நேரத்தை எதுலேர்ந்து எண்றது? சைரன் அடிச்சதுலேர்ந்தா, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டினதுலேர்ந்தா? இத்தனை பேர் எழுதினீங்க, இதுக்கு ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல.

கணக்குவாத்தியார்:
அந்தக் கடும் வேலையிலிருந்துதான் எண்ண வேண்டும். என் முதல் பதிவிலேயே இருக்கிறது. மேலே போய்ப் படியுங்கள்.

கறார்கந்தன்:
படிச்சேன். 24 மணி நேரம்னுதான் போட்டிருக்கு. அதைத்தானே நானும் காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்.