கொண்டை ஊசியில் ஒட்டிக்கொண்ட ரோடு

இலங்கை மலையகத் தோட்டங்களில் கணினியில் வரைபடம் போடும் மூன்று பேர் தங்கள் பிசகுகளைப் பேசிக்கொள்கிறார்கள். அவரவர் ஊர்தான் இங்கே அவரவர் பெயர்.

கொட்டகலை:
எங்கள் தோட்டத்தில் ஏழு பேர்ச் காணிகளை ஒரு படமாகப் போட்டுக் கொடுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒவ்வொரு காணியையும் தனித்தனியாகக் கிளிக் பண்ணிச் சுற்றி வந்தேன். பக்கத்துக் காணியின் எல்லை மேலேயே கிளிக் பண்ணுவதாக நினைப்பு. திரையிலும் ஒரே கோடாகத்தான் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ஓர் இடத்தில் இடைவெளி, இன்னோர் இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று. ஏழு பேர்ச் என்பது சுமார் 177 சதுர மீட்டர். பக்கம் 13 மீட்டர் என்று வைத்தால், ஒரு மீட்டர் பிசகினாலே அரை பேர்ச் போச்சு. "எனக்கு ஆறரை, அவங்களுக்கு ஏழரையா?" என்று ஓர் அக்கா, வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் வைத்தே கேட்டுவிட்டார்.

அன்று இரவே, புதுப் புள்ளியைப் பக்கத்துக் கோட்டில் ஒட்டவைக்கும் ஸ்னாப்பிங்கைப் போட்டுவிட்டு, பழைய கோட்டின் மேலேயே வரையும் ட்ரேசிங் பட்டனைத் தேடினேன். பழைய எல்லையில் இந்த முனையில் ஒரு கிளிக், அந்த முனையில் ஒரு கிளிக். நடுவில் உள்ள புள்ளிகளை அதுவே பிடித்துக்கொள்கிறது. ஸ்னாப்பிங் இல்லாவிட்டால் ட்ரேசிங் வேலை செய்யாது, அதை ஒரு மணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். கூடவே, புதிய காணி பழையதன் மேல் ஏறினால் ஏறிய பகுதியைத் தானே வெட்டிவிடும் ஒரு வசதியும் உண்டு. இது ஏன் முதலிலிருந்தே போட்டபடி வருவதில்லை என்பதுதான் என் குறை.

அப்புத்தளை:
அண்ணே, உங்களுக்கு அரை பேர்ச். எனக்குக் கிழக்கு மேற்காக 300 கிலோமீட்டர், வடக்கு தெற்காகவும் 300! இலங்கையில் ஓர் இடத்தை எண்ணால் குறிக்க இரண்டு கட்டங்கள் உண்டு. பழைய கண்டவலை கட்டத்திலும் 1999 கட்டத்திலும் மையம் நம்ம பீதுருதாலகால மலைதான். ஆனால் அந்த மையத்துக்கு பழையதில் இரண்டு திசையிலும் 2,00,000 மீட்டர் என்று எண் கொடுத்திருக்கிறார்கள், புதியதில் 5,00,000. மாற்றித் தேர்ந்ததில் எங்கள் லயங்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், எல்லாம் கடலுக்குள் போய்விட்டன. அதைச் சரிபண்ணிய பிறகும் லயங்கள் ரோட்டுக்கு மறுபக்கம் நின்றன. அது நான் பின்னணியில் வைத்து வரையும் செயற்கைக்கோள் படத்தின் நகர்வு. மலையில் அது ஒரே அளவில் இருப்பதில்லை. இந்த முகட்டில் சரிசெய்தால் அடுத்த பள்ளத்தில் பிசகும். போனில் ஜிபிஎஸ்ஸைப் போட்டு ரோட்டில் நடந்து, அந்தத் தடத்துக்குப் படத்தை இழுத்து வைத்துத்தான் வரைகிறேன். லயம் வரைய, ஜோசம் என்ற வரைபடம் திருத்தும் மென்பொருளில் கட்டடம் போடும் ப்ளகின் போதும். நீளத்துக்கு ஓர் இழுப்பு, அகலத்துக்கு ஓர் இழுப்பு, நாலு மூலையும் நேராக வந்துவிடும்.

தலவாக்கலை:
ஸ்னாப்பிங்கை ரொம்பப் புகழாதீங்க. எங்கள் தேயிலை ஸ்டோரிலிருந்து தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு ஏறும் ரோட்டில் வரிசையாகக் கொண்டை ஊசி வளைவுகள். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அதைப் பெரிதாக்காமல் தூரத்தில் வைத்து வரைந்தேன். மேல் வளைவின் ஒரு புள்ளி கீழ் வளைவில் போய் ஒட்டிக்கொண்டது, நான் கவனிக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து மருமகன் வழி கேட்டால், போன் ஆட்டோவை வளைவிலேயே சுற்றாமல் நேராகக் கீழே இறங்கச் சொல்கிறது! நடுவில் இருப்பது தேயிலைச் சரிவு, கீழே தண்ணீர்க் கான்.

இப்போது வளைவுக்கு வந்தால் நன்றாகப் பெரிதாக்கிக்கொள்கிறேன். ஒட்ட வேண்டாத இடத்தில், அந்த வரைபடத்தை உலாவியிலேயே திருத்தும் ஐடி எடிட்டரில் ஆல்ட், ஜோசமில் கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டே புள்ளி வைத்தால் ஒட்டாது. ஒட்டிய புள்ளி வேறு நிறத்தில் மின்னிக் காட்டினால் இன்னும் நல்லது. என் கண்ணுக்கு இப்போதுள்ள அடையாளம் போதவில்லை.

கொட்டகலை:
தம்பி, அந்தச் சரிவில் படி எதுவும் இல்லையா?

தலவாக்கலை:
இருக்குண்ணே. அம்மாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டார். கொழுந்துக் கூடையோடு அவர்கள் இறங்கும் குறுக்குப் பாதை சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறதாம். போய்ப் பார்த்தேன், கல்படி, நாற்பத்தொன்று எண்ணினேன். ரோட்டைப் பிரித்துவிட்டு, அதைப் படிக்கட்டாகத் தனிக்கோட்டில் போட்டிருக்கிறேன்.