மறு: ஸ்பேஷியல் ஜஸ்டிஸ் - வாழ்விட நீதியா, இடஞ்சார் நீதியா?

> "வாழ்விட நீதி" என்றே வைக்கலாமே. 2021-ல் குடிசை மாற்று வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனபிறகு எல்லோருக்கும் பழகிய சொல்தானே.

ஐயா, வணக்கம்.

ஸ்பேஷியல் ஜஸ்டிஸ் என்பதற்கு, அதாவது வீடு, வேலை, பள்ளி, போக்குவரத்து எல்லாம் யாருக்கு எங்கே அமைகின்றன என்பதில் இருக்கவேண்டிய நீதிக்கு, தமிழ்ப் பெயர் தேடுகிறோம். நீங்கள் சொல்வது பழகிய சொல்தான். ஆனால் வாழ்விடம் என்றதும் வீடுதான் நினைவுக்கு வருகிறது. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களுக்கு வீடு கிடைத்தது. மாடி வீடு, கான்கிரீட் கூரை. வேலை பார்த்த தெருவும் பிள்ளைகள் படித்த பள்ளியும் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டன. நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவந்த பெண்ணுக்கு, பேருந்துக்கே பாதிக் காசும் பாதி நாளும் போனால் அந்த வேலை எப்படி நிற்கும்? போதாததற்கு, வெள்ளத்துக்குப் பயந்து ஆற்றங்கரையிலிருந்து எழுப்பியவர்களைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் குடிவைத்திருக்கிறோம். "வாழ்விட நீதி" என்று எழுதினால், வீடு கொடுத்தாயிற்று, நீதியும் கிடைத்தாயிற்று என்று கணக்கை முடித்துவிடலாம். நாம் பெயர் தேடுவது அந்த 20 கிலோமீட்டருக்கும் சேர்த்துத்தான்.

அமெரிக்கப் புவியியலாளர் எட்வர்ட் சோஜா இந்தக் கருத்தை விளக்க எடுத்துக்கொண்டதும் வீட்டை அல்ல, பேருந்தை. லாஸ் ஏஞ்சலீஸில் ஏழைகள் நெரிசலில் தொங்கிக்கொண்டு போகையில் பணமெல்லாம் ரயிலுக்குப் போகிறது என்று பேருந்துப் பயணிகள் வழக்குப் போட்டார்கள். 1996-ல் உடன்பாடு வந்தது. அதற்கு வாழ்விட நீதி என்ற பெயர் பொருந்தாது.

முன்மடலில் வந்த "வெளிசார் நீதி" எனக்கு உறுத்துகிறது. இயற்பியலுக்கு வெளி சரி. ஊர், சேரி என்று பிரித்தே குடியிருந்த நாட்டில் 'வெளி' என்பது முதலில் 'ஊருக்கு வெளியே' என்றுதான் காதில் விழும்.

"இடநீதி" சுருக்கமாக, அழகாக இருக்கிறது. ஆனால் பக்கத்திலேயே சமூக நீதி என்ற சொல்லும் வரும்போது, படிப்பவர் இட ஒதுக்கீட்டைத்தான் நினைப்பார். அங்கே இடம் என்பது கல்லூரியிலும் வேலையிலும் கிடைக்கும் இடம். இங்கே நிலத்தின் மேல் உள்ள இடம். 'சார்' சேர்த்தால் இந்தக் குழப்பம் தீரும். ஆகவே என் பரிந்துரை "இடஞ்சார் நீதி". இடஞ்சார் அநீதி, இடஞ்சார் ஏற்றத்தாழ்வு, இடஞ்சார் திட்டமிடல் என்று தொடர்ந்து ஆக்கவும் வருகிறது.

புணர்ச்சி மாணவர்களுக்குக் கடினம் என்றால் "இடம்சார்" என்று பிரித்து எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. நகரமைப்புத் துறையில் இருப்பவர்கள் தங்கள் அறிக்கைகளில் இதைப் போட்டுப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுங்கள். அப்புறம் கலைச்சொல் பட்டியலில் சேர்ப்போம்.